உள்ளாடையில் வெளுத்த திட்டுகள்

இவ்விஷயத்தை எழுதத் துணிந்ததற்காக நேயர்களில் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும், பள்ளிக்கூடத்துப் பெண்கள் தாயாரிடமும் கேட்கக் கூசும் சங்கதி இது. கேளாமலே உள்ளூர அஞ்சுகிறார்கள். ஆகையால் எழுதுகிறோம்.

கறுப்பு அல்லது கருநீல உள்ளாடை வாங்கிச் சில மாதங்களுக்குள், நடுவில் மட்டும் சாயம் போய்ச் செம்மஞ்சளாகத் திட்டு விழுவதைப் பல ஸ்திரீகள் கண்டிருப்பார்கள். கடைக்காரரை வைபவர் சிலர். சோப்பை வைபவர் சிலர். தமக்கு ஏதோ வியாதி என்று மனங் குன்றுபவர் பலர். பெரும்பாலும் இம்மூன்றும் காரணமல்ல. பாலைத் தயிராக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் பெண்ணின் பிறப்புறுப்பில் இயற்கையாகவே வாழ்ந்து, அதே லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. ஜெர்மானிய வைத்தியர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-ல் இவற்றை விவரித்தார். அமிலத்தை அளக்கும் கணக்கில் சுத்த ஜலம் 7; பிள்ளை பெறும் வயதில் அவ்விடம் 3.8 முதல் 4.5 வரை. ஏறக்குறையத் தயிரின் புளிப்பு! தீய கிருமிகள் குடியேறாமல் காப்பது இந்தப் புளிப்பே. அது நாள்தோறும் பட்டுக் காய்ந்தால் பருத்தித் துணியின் சாயம் நிற்குமா? வெள்ளைத் துணியிலோ, காற்றுப் பட்டு மஞ்சட் கறையாகும்.

வெள்ளைப்படுதல் என்றாலே எலும்பு உருகி வழிகிறது என்று சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். இது பெரிய அநியாயம். எலும்புக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரு வாரம் முன்பு முட்டையின் வெள்ளைக்கருவைப்போல் தெளிந்து இழுபடுவதும், பின்னர் கெட்டிப்படுவதும், கர்ப்ப காலத்தில் மிகுவதும் சரீரத்தின் சுபாவமே. மாதவிடாயின் முடிவில் காணும் பழுப்பு, பழைய இரத்தம்.

வைத்தியரிடம் போகவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. திப்பி திப்பியாக வெளிப்பட்டு அரிப்பெடுத்தால் பூஞ்சையாக இருக்கலாம். சாம்பல் நிறமும் மீன் வாடையும் கண்டால், நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து மற்றவை பெருகியிருக்கக்கூடும். பச்சை கலந்த மஞ்சளாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் தொற்றா என்று பார்க்கவேண்டும். அதுவானால் கணவரும் மருந்து உண்டாக வேண்டும். தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் சாதித்தாலும் விடக்கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி இரத்தக் கறை கண்டாலும், கைமருந்து தேடாமல் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும்.

உள்ளே சோப்பு விட்டுக் கழுவுவது, காவற்காரனையே விரட்டுவதாகும். வெளிப்புறத்தை வெறும் ஜலத்தால் அலம்பினால் போதும். இரத்தக் கறையை வெந்நீரில் போட்டால் ஊன்றிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசுக. அலசியதைப் புடவைக்கு அடியில் ஒளித்து உலர்த்தாமல், வெயில் படும் கொடியிலே போடுங்கள். வெளுத்த திட்டு மட்டும் எந்தச் சோப்புக்கும் மறையாது. அது கறையன்று, சாயம் போன இடம்.