பனி மேல பழி போடாதீங்க

சென்னையில இருந்து ஒருத்தர் போன் பண்ணினார். கொடைக்கானல் வந்தப்ப எங்கிட்ட வாங்கிட்டுப் போன டேலியா கிழங்கு மார்கழிப் பனியில செத்துப்போச்சாம். சென்னையில பனியா! முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் எரிச்சல். ஏன்னா இங்க மலையில நாங்களும் அதே பொய்யைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம். கிழங்கு அழுகினா "பனி கருக்கிடுச்சு"ன்னு சொல்லிட்டு, அடுத்த நடவுக்குக் கடையில போய் நிக்கிறோம்.

மேல்மலையில உறைபனி விழுறது நிஜம். டிசம்பர், ஜனவரியில மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில புல்லு மேல உப்பைத் தூவினாப்பல நிக்கும். பள்ளக் காட்டுல இன்னும் மோசம். விடிஞ்சு வெயில் பட்டதும் டேலியா இலை வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். பார்த்தா வயிறு எரியும். ஆனா செத்தது தழைதான். நாலு விரல் ஆழத்துக்குக் கீழ மண்ணு உறையறதே இல்ல. கனடா மாதிரி ஊர்ல மாசக்கணக்குல மண்ணே கல்லா இறுகிடும், அவங்க தோண்டித்தான் ஆகணும். அந்த வீடியோவைப் பார்த்துட்டு மாடித்தோட்டத்துல தொட்டிக்குக் கோணி சுத்துறவங்களை என்ன சொல்ல?

கிழங்கைக் கொல்றது ஈரம். டேலியா மெக்சிகோ மலைச் செடி. அங்க வெயில்காலத்துல மழை, குளிர்காலத்துல மண்ணு காஞ்சு கிடக்கும். தூங்குற கிழங்குக்கு அந்த வறட்சிதான் வேணும். இங்க அது தூங்கப் போற நேரத்துலதான் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டுது. "தழை காஞ்ச பிறகும் தண்ணி ஊத்தினீங்களா?"ன்னு சென்னைக்காரர்கிட்டக் கேட்டேன். தினமும் ஊத்தினாராம். "பார்க்கப் பாவமா இருந்துச்சுங்க"ன்னார்.

கிளாடியோலஸ் கதை வேற. நீளத் தண்டுக்குத்தான் நீங்க காசு குடுக்கறீங்க, அதனால நாங்க அடியோட அறுக்கிறோம். நாலு இலையாவது செடியில விடணும். நட்ட கிழங்கு சுருங்கி, அதுக்கு மேலயே புதுக் கிழங்கு கட்டும். பூ வெட்டின பிறகு ஆறு, எட்டு வாரம் அந்த இலைதான் அதுக்குச் சோறு போடுது. இலையை அறுத்துட்டுக் கிழங்கு சூம்பிப்போச்சுன்னா, அதுக்கும் பனிதான் காரணமா?

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. ஒரு வருஷம் ஒரு வியாபாரி பேச்சைக் கேட்டு, அடைமழையில தோண்டின கிழங்கைக் கழுவி, ஈரத்தோட பிளாஸ்டிக் சாக்குல கட்டி வச்சேன். இருபது நாள் கழிச்சுப் பிரிச்சா ஒரே பூஞ்சாணம், கிட்டப் போக முடியாத நாத்தம். அதே வியாபாரிகிட்டக் கடனுக்குப் புதுக் கிழங்கு வாங்கினேன். அவரும் பனியைத்தான் திட்டினாரு.

இத்தனைக்கும் நாங்க மலைப்பூண்டு போடுற ஆளுங்க. விதைப்பூண்டை எப்படி வைக்கணும்னு எங்க அம்மாவுக்கு யாரும் வகுப்பு எடுக்கல. தழையோட பிடிபிடியாக் கட்டி, அடுப்படியில புகை படுற மாதிரி தொங்க விட்டுடுவாங்க. காய வச்சு, காத்தாட வைக்கணும், அவ்வளவுதான். பூக்கிழங்குன்னதும் அந்தப் புத்தி எங்களுக்கு எங்க போச்சு?

இப்ப நான் தோண்டினதைக் கழுவுறதில்ல. கிளாடியோலஸை நிழல்ல ரெண்டு, மூணு வாரம் உலர்த்துவேன். பழைய கிழங்கு தானாக் கழண்டு வரும். புதுசை வலைப்பையில போட்டுப் பரண்ல கட்டிடுவேன். சுத்தி இருக்கிற பொடிக் கிழங்கையும் விடுறதில்ல. அதை நட்டா உடனே பூக்காது, ரெண்டு வருஷம் போல பொறுக்கணும், ஆனா கடன் இல்ல. டேலியா தண்டுக்குள்ள தண்ணி நிக்கும், அதனால ரெண்டு நாள் தலைகீழா வச்சு வடிய விட்டு, காஞ்ச மணல்ல புதைப்பேன். கழுத்துலதான் கண்ணு இருக்கு. கழுத்து முறிஞ்சா எவ்வளவு கொழுத்த கிழங்கும் முளைக்காது.

"தொட்டியில இருந்த கிழங்கை அமுக்கிப் பார்த்தீங்களா, கெட்டியா எதுவும் மிச்சம் இருக்கா?"ன்னு கடைசியாக் கேட்டேன். மண்ணோட குப்பையில கொட்டிட்டாராம். அடுத்த லீவுக்கு வந்து புதுசா வாங்கிக்கிறாராம்.