பின்மூடியைத் திறக்க முதல்

பாவித்த பிலிம் கமரா ஒன்று கைக்கு வந்தவுடன் வாங்கியவர் செய்வது அநேகமாக ஒன்றேதான். லீவரை இழுப்பார், அசையாது. பொத்தானை அழுத்துவார், சத்தம் வராது. என்ன கோளாறென்று பார்க்கப் பின்மூடியைத் திறப்பார். அந்தக் கமரா கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வீட்டிலிருந்து வந்ததாயின், இந்த மூன்றாவது காரியத்தைச் செய்யவே கூடாது. உள்ளே பாதி எடுத்த பிலிம் கிடக்கலாம். வெளிச்சம் பட்ட கணத்தில் அது அழிந்துவிடும். இது வெறும் ஆசைப் பேச்சில்லை. ஒழுங்காக வேலை செய்யும் கமராவில் பிலிம் தங்குவதில்லை. றோல் முடிந்தால் கழற்றிக் கழுவக் கொடுத்துவிடுவார்கள். இடைநடுவில் நின்றுபோன கமராவில்தான் பிலிம் போட்டபடியே கிடக்கும். எந்தக் கோளாறு கமராவின் விலையைக் குறைக்கிறதோ, அதுவேதான் உள்ளே படம் இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறியும். வன்னியில் பழைய கமராவை அலுமாரி அலங்காரமாக வாங்குபவரும் விற்பவரும் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

1976இல் சந்தைக்கு வந்த கெனன் ஏஇ-1ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஷட்டரை இயக்குவது மின்சாரம். ஆறு வோல்ட் பற்றரி செத்துப்போனால் ஷட்டர் விழாது, ஷட்டர் விழாவிட்டால் லீவரும் நகராது. பார்ப்பவர் இயந்திரமே இறுகிவிட்டது என்று நினைப்பார். அதே ஆண்டில் வந்த பென்டாக்ஸ் கே1000க்கு வெளிச்சம் அளக்க மட்டுமே பற்றரி வேண்டும், படமெடுக்க வேண்டாம். சோவியத் தயாரிப்பான ஸெனித் ஈக்குப் பற்றரியே கிடையாது. இந்த வித்தியாசம் வேறு ஊர்களில் ஒரு தொழில்நுட்பத் தகவல், அவ்வளவுதான். 1990 முதல் 2002 தொடக்கம் வரை நீடித்த பொருளாதாரத் தடையில் வன்னிக்கு வரக்கூடாத பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. டோர்ச் பற்றரிக்கே வழியில்லாத ஊரில் கமராவுக்கான சிறு பற்றரியை எங்கே தேடுவது? றோலில் பதினைந்து படம் எடுத்த நிலையில் பற்றரி தீர்ந்த ஒரு கமரா, தடை நீங்கட்டும் என்று பெட்டிக்குள் போயிருக்கும். அதன் பிறகு அந்தப் பெட்டி எத்தனை இடம் மாறியதோ.

அந்தப் பெட்டிக்குள் ஒரேயொரு படம் மிஞ்சினாலும் அதற்கு இங்கே என்ன பெறுமதி என்பதை வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் விளக்கவேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்களும், 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்களும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய்ச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்துசேர்ந்தவர்களும் வழிநெடுக விட்டுவந்த பொருட்களில் குடும்ப அல்பமும் அடங்கும். சோதனைச் சாவடியில் கேள்வி வரும் என்ற பயத்தில் தாங்களே எரித்த படங்களும் புதைத்த படங்களும் வேறு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது, தாய்மார் கையில் ஏந்தியிருந்த படங்களில் பல அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவை என்று பார்த்தாலே தெரிந்தது. பிள்ளை சிரித்தபடி நிற்கும் படம் அந்த வீட்டில் மிஞ்சவில்லை.

ஆகவே கோளாறு பார்க்கும் வரிசையை மாற்றவேண்டும். முதலில், மேலே இடப்பக்கம் உள்ள பின்சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றிக்கொண்டே போனால் பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லை; சற்றுத் திரும்பியதும் இறுகினால் பிலிம் இருக்கிறது, அதற்கு மேல் பலம் போடவேண்டாம். பெரும்பாலான ஜப்பானியக் கமராக்களில் பின்மூடியைத் திறந்தால் படம் எண்ணும் இலக்கம் தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். எனவே அது 14இலோ 22இலோ நின்றால் சந்தேகப்பட இடமுண்டு. ஸெனித் ஈயில் இலக்கத்தைக் கையால்தான் திருப்பவேண்டும், அங்கே இந்தச் சாட்சி செல்லாது. இலக்கம் 36ஐத் தாண்டி லீவர் இறுகியிருந்தால் அது கோளாறே இல்லை, றோல் முடிந்திருக்கிறது. பெரும்பாலான கமராக்களில் அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு குமிழைச் சுற்றினால் பிலிம் தன் கூட்டுக்குள் போய்விடும். அதைத் தெரியாமல் லீவரைப் பலமாக இழுத்துப் பிலிமைக் கிழிப்பவர்களே அதிகம். பின்சுற்ற முடியாதபடி இறுகியிருந்தால் முழு இருட்டில்தான் மூடியைத் திறக்கவேண்டும். ஸ்டூடியோக்களின் இருட்டறையில் எரிந்த சிவப்பு விளக்கு கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் தாளுக்கு உரியது. பிலிமுக்கு அதுவும் ஆகாது. யாஷிகா மாட் போன்ற இரட்டைக் கண் கமராக்களில் பின்சுற்றும் குமிழே இல்லை. அவற்றை எப்போதும் உள்ளே பிலிம் இருப்பதாகவே எண்ணித் திறப்பது நல்லது.

இத்தனை வருடம் கிடந்த பிலிமில் என்ன தெரியப்போகிறது என்று கேட்கலாம். 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் போய் மடிந்த சுவீடன் நாட்டு ஆந்த்ரேயின் குழு எடுத்த பிலிம்கள் 1930இல் கிடைத்தன. 33 வருடம் கழித்துக் கழுவியும் 93 படங்கள் தேறின. அவை பனிக்குள் கிடந்தன, வன்னி வெயிலில் அல்ல என்ற மறுப்பு நியாயமானது. சூடும் ஈரமும் பிலிமின் எதிரிகள். கலர் பிலிமில் நிறம் பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் அதையே கறுப்பு வெள்ளை முறையில் கழுவினால் சாம்பல் நிறத்திலாவது உருவம் தெரிய வாய்ப்புண்டு. வாய்ப்புக் குறைவு என்பதை மறுக்கவில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு றோலைக் கழுவப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கோப்பித் தூள், சலவைச் சோடா, விற்றமின் சி மூன்றையும் கலந்து பிலிம் கழுவும் முறை உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது. படம் நிலைக்க ஹைப்போ மட்டும் தேடவேண்டும். பழகாத கை முதலில் வேறொரு றோலில் பழகிப்பார்க்கட்டும், இதில் இரண்டாம் தடவை கிடையாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு. கமராவை வாங்கியவருக்கு உள்ளிருக்கும் முகங்களும் சொந்தமா? இல்லை. ஒரு படத்தால் ஆட்கள் சிக்கலில் மாட்டிய மண் இது. கண்டெடுத்த படத்தை விருப்பக்குறிக்காக முகநூலில் போடுபவர், பின்மூடியை வெயிலில் திறந்தவரைவிடக் கூடுதல் கெடுதி செய்யக்கூடும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் சேற்றிலிருந்து எடுத்த லட்சக்கணக்கான படங்களைத் தொண்டர்கள் கழுவிக் காயவைத்தார்கள். உரியவர்கள் நேரில் வந்து தேடி எடுத்துக்கொண்டார்கள். அங்கே படத்தில் இருப்பவர் யாரென்று தெரிவதில் பயமில்லை. இங்கே அப்படிச் சொல்ல முடியாது. எனவே விற்றவரிடம் கமரா எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டு எழுதிவைப்பதும், கழுவிய நெகட்டிவை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டு மேற்கொண்டு முடிவை அவர்களிடம் விடுவதும்தான் முறை. பல கை மாறி வந்த கமராவில் இது சாத்தியப்படாது. அப்போது 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் போன்ற அமைப்பொன்றிடம், பகிரங்கப்படுத்துவதில்லை என்ற பேச்சோடு ஒப்படைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கமராவைத் திருத்துவது இவ்வளவும் முடிந்த பிறகுதான். பற்றரி மாற்றிப் பாருங்கள், பாதிக் கோளாறு அதிலேயே தீரக்கூடும். மூடியின் விளிம்பில் உள்ள கறுப்புப் பஞ்சு பிசினாகியிருந்தால் வழித்தெடுத்துப் புதிதாக ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் கசியும். ஷட்டரை ஒரு வினாடியில் வைத்து மணிக்கூட்டோடு ஒப்பிடுங்கள். மெதுவாக விழுந்தால் உள்ளே பழைய எண்ணெய் காய்ந்திருக்கிறது, அது திருத்துநரின் வேலை. லென்ஸில் வலைபோலப் பூஞ்சணம் தெரிந்தால் மாரி தொடங்க முதல் துடைப்பிக்கவேண்டும், விட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.