காய்ஞ்ச பிரெட்டுக்கும் ஒரு அரியர் சான்ஸ்!

இந்த வாரம் அடுப்பைப் பத்த வெச்சு, முட்டையை உடைக்கப் போறோம். 'நமக்கும் கிச்சனுக்கும் என்னப்பா சம்பந்தம்?'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. தோசைக்கல், முட்டை, பால், மூணு நாள் பழைய பிரெட்... இவ்வளவுதான் மேட்டர். பேரு மட்டும் கொஞ்சம் ஸ்டைலா, பிரெஞ்ச் டோஸ்ட்!

முதல்ல ஒரு ஃப்ளாஷ்பேக். நாங்க நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கோம். போன செமஸ்டர் ரிசல்ட் வந்த ராத்திரி, எங்க ரூம் பார்ட்டி ஒருத்தனுக்கு ரெண்டு பேப்பர் அவுட். போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டான். மதியத்துல இருந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை. மணி பத்தரை. தெருமுனைக் கடையும் மூடியாச்சு. கிச்சன்ல தேடினா, விறைச்சுப்போன ஆறு பிரெட் ஸ்லைஸ், ரெண்டு முட்டை, கொஞ்சம் பால். சரி, இறங்கிட வேண்டியதுதான்னு இறங்கினேன்.

முதல் ரெண்டு ஸ்லைஸ் டோட்டல் டேமேஜ்! வெளியே கரிக்கட்டை, உள்ளே கொழகொழ. வீடு முழுக்கப் புகை. இருமிக்கிட்டே எழுந்து வந்தவன் தட்டைப் பார்த்தான். 'டேய், உனக்கு இதுலயும் அரியர்டா!'ன்னு சிரிச்சான். சாயங்காலத்துக்கு அப்புறம் அவன் சிரிச்சது அப்பத்தான். அடுப்பைக் குறைச்சதும் அவன்தான்.

நான் எங்கே கோட்டை விட்டேன்? நீங்க அதே தப்பைப் பண்ணக் கூடாதுல்ல, அதனால சொல்றேன். முட்டை கெட்டியாக 70 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தாலே போதும். ஆனா, மேலே அந்தப் பொன்னிறமும் வாசனையும் வரணும்னா கல்லுல 140 டிகிரிக்கு மேலே வேணும். தீயைத் திகுதிகுன்னு எரிய விட்டா, சூடு நடு பிரெட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வெளியே சர்க்கரை கருகிடும். ஆக, மிதமான தீ, கொஞ்சம் பொறுமை. ஃபார்முலா அவ்வளவுதான்!

இப்போ கணக்கு. நாலு ஸ்லைஸுக்கு ரெண்டு முட்டை, 100 மில்லி பால், ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டது. உப்பு எதுக்குன்னு கேட்காதீங்க. போடாம ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க, சப்புன்னு இருக்கும். முதல்ல முட்டையை மட்டும் நல்லா அடிச்சுக்கோங்க. வெள்ளைக்கரு நூல் நூலா நின்னா, டோஸ்ட்ல ஆம்லெட் ஒட்டின மாதிரி ஆயிடும். அப்புறம் பாலும் மத்ததும். சர்க்கரை கரையற வரைக்கும் கலக்கணும்.

பிரெட் பழசா இருக்கிறதுதான் இங்கே ப்ளஸ். புது பிரெட் மெத்து மெத்துனு இருக்கும், நனைச்சுத் தூக்கினா பாதி கிண்ணத்துலயே தங்கிடும். காய்ஞ்சது பாலையும் முட்டையையும் உறிஞ்சிக்கிட்டு, விறைப்பா நிக்கும். புதுசுதான் இருக்குன்னா, சின்னத் தீயில வெறும் கல்லுல ரெண்டு பக்கமும் ஒரு நிமிஷம் வாட்டிக்கோங்க. ஒரு வார்னிங்: 'பழசு'ன்னா காய்ஞ்சது. பூஞ்சை பிடிச்சது இல்லை. ஒரு ஓரத்துல பச்சையாத் தெரிஞ்சாலும் மொத்தத்தையும் குப்பையில போடுங்க பாஸ்!

ஒரு பக்கத்துக்கு இருபது எண்ணுங்க, திருப்பிப் போட்டு இன்னொரு இருபது. ஊறினது போதும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஊறப் போடாதீங்க. கல்லுக்குப் போற ஸ்லைஸ் மட்டும்தான் குளிக்கணும். வெண்ணெயில இருக்கிற பால் துணுக்குதான் சீக்கிரம் கருகும். நெய்யில அது கிடையாது. அதனால ஒரு டீஸ்பூன் நெய் விட்டு, பக்கத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம். நடுவுல விரலால லேசா அழுத்தினா, ஈரம் கசியாம பஞ்சு மாதிரி எழுந்து வரணும். அதான் பாஸ் மார்க்! இனிப்பு பிடிக்காதவங்க சர்க்கரை, ஏலக்காயைக் கட் பண்ணிட்டு வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூள்னு போட்டுக் கலக்கலாம்.

ஜி.கே. கார்னர்: இது பிரெஞ்சுக்காரங்களோட தனிச்சொத்து எல்லாம் இல்லை. பழைய ரோமானிய சமையல் தொகுப்பான 'அபிசியஸ்'லயே, பிரெட்டைப் பாலில் நனைச்சு, எண்ணெயில பொரிச்சு, தேன் ஊத்தித் தர்ற குறிப்பு இருக்கு. ஜெர்மன்காரங்க இதை 'ஏழை வீரர்கள்'னு சொல்றாங்க. நம்ம பக்கம் பாம்பே டோஸ்ட். சரி, பிரான்ஸ்ல என்ன பேர் தெரியுமா? 'பான் பெர்தூ'. அதாவது, 'தொலைஞ்சுபோன ரொட்டி'. தூக்கிப்போட வேண்டியதைக் காப்பாத்தி எடுக்கிறதால அந்தப் பேர்.

மறுபடி அந்த ராத்திரி. மிச்சம் நாலு ஸ்லைஸும் சூப்பரா வந்துச்சு. ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சோம். என் பங்கையும் அவனே காலி பண்ணிட்டான். கையைக் கழுவிட்டு வந்து, போனை ஆன் பண்ணி ஊருக்கு அடிச்சான். 'அப்பா, ரெண்டு பேப்பர் போச்சுப்பா.' அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம் கேட்டாராம், 'சரி விடு... சாப்பிட்டியா?'

'சாப்பிட்டேம்ப்பா'ன்னான். நல்லவேளை, அது பொய்யில்லை.

அந்த ரெண்டு பேப்பரையும் இன்னும் எழுதலை, படிச்சிட்டிருக்கான். உங்க ரூம்லயும் இப்படி யாராவது சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா, அட்வைஸ் எல்லாம் அப்புறம். முதல்ல அடுப்பைப் பத்த வைங்க. தீயை மட்டும் குறைச்சு வைங்க!