புயல் கடலோரத்துக்கு மட்டுமா?



ஐப்பசி மாதம் டிவியில் "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்று சொன்னதும் நம்ம பக்கம் இரண்டு பேச்சு கிளம்பும். ஒன்று, "நாளைக்கு லீவு உண்டாடா?" இன்னொன்று, "அதெல்லாம் நாகப்பட்டினம், வேதாரண்யம் ஆளுங்களுக்குப்பா, நமக்கென்ன?" முதல் கேள்விக்குக் கலெக்டர்தான் பதில் சொல்லணும். இரண்டாவது பேச்சை நாம் அடியோடு விட வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மேப்பில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வேதாரண்யத்துக்கு நேர் மேற்கே, 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது புதுக்கோட்டை. ஆனாலும் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. நாம் அப்போது சின்னப் பிள்ளைகள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள்.

கடலில் பிறந்த புயலுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? கடல் நீரின் சூடுதான் அதற்குத் தீனி. கடலின் மேற்பரப்பு சுமார் 27 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால் ஏராளமான நீராவி கிளம்பும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். (வியர்வை காயும்போது உடம்பு குளிர்வது இதனால்தான்.) அதே ஆவி மேலே போய் மேகமாகும்போது, வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் அங்குள்ள காற்று இன்னும் சூடாகி மேலே ஏறும். கீழே அழுத்தம் குறையும். சுற்றிலும் உள்ள காற்று அந்த இடத்தை நோக்கி ஓடி வரும். பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து சுற்றும். நம் வடகோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அதற்குப் "புயல்" என்று பெயர்.

தரைக்கு வந்ததும் நீராவி கிடைக்காமல் புயல் மெலியும். ஆனால் மெலிவதற்கு நேரம் பிடிக்கும். டெல்டாவில் குறுக்கே மலையும் இல்லை. கஜா உள்மாவட்டங்களைத் தாண்டி, கேரளம் வழியாக அரபிக் கடலுக்கே போய்விட்டது!

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். புயலின் கண் கடக்கும் ஊரில் காற்று திடீரென்று அடங்கும். "விட்டுருச்சுடா" என்று வெளியே வந்தால் ஆபத்து. சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

கடலோரத்தின் ஆபத்து வேறு. புயல் கடல் நீரையே ஊருக்குள் தள்ளும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது அப்படித்தான். நம் மாவட்டத்திலும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி பக்கம் இந்தப் பயம் உண்டு. உள்ளே இருக்கிற நமக்கு வரும் ஆபத்து என்ன? காற்று ஓய்ந்த மறுநாள் ஆரம்பிக்கிற தண்ணீர்க் கஷ்டம்!

கஜாவில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமாயின. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. மழை கொட்டிய ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜெனரேட்டரை எதிர்பார்த்து மக்கள் குடத்தோடு நின்றார்கள். பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

"கவர்மெண்ட் ஜெனரேட்டர் கொண்டு வரும்ல?" என்று கேட்கலாம். வரும். ஆனால் ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது முதல் இரண்டு மூன்று நாள் யார் வர முடியும்? அந்த நாட்களை ஊர்தான் சமாளிக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது இது. தண்ணீர் எட்டுகிற ஆழத்தில் இருக்கும் ஊர்களில், துருப்பிடித்துக் கிடக்கும் அடிபம்புகளைப் புரட்டாசிக்குள் சரி செய்ய வேண்டும். "தண்ணி பல நூறு அடிக்குக் கீழ போயிருச்சே, அடிபம்பு எப்படி இழுக்கும்?" என்றால், அதுவும் நியாயமான கேள்விதான். அந்த ஊர்களில் ஊருணியைத் தூர்வாரி, கருவேலத்தை வெட்டி, வரத்து வாரியைத் திறந்துவிட வேண்டும். ஊருணித் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியையும், வீட்டிலுள்ள குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. கிராம சபையில் ஒரு கோரிக்கை போதும்.

முன்னெச்சரிக்கையால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒடிசாவில் 1999 புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதே ஒடிசாவில் 2013-ல் பைலின் புயல் வந்தபோது, லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு போனார்கள். உயிரிழப்பு நூறைக்கூடத் தொடவில்லை. கஜாவும் சொல்லாமல் வரவில்லை. நவம்பர் 11-லேயே புயலாகி, பெயரும் பெற்றுவிட்டது. நமக்கு நான்கு நாள் அவகாசம் இருந்தது.

நாம் மாணவர்கள் என்ன செய்யலாம்? இந்தச் சுவர்ப் பலகையின் ஒரு மூலையில் வங்கக் கடல் மேப் ஒன்றை வரைந்து ஒட்டுவோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வானிலை மையம் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்து, தாழ்வுப் பகுதி எங்கே நிற்கிறது என்று தினமும் புள்ளி வைப்போம். புள்ளி நம்மை நோக்கி நகர்ந்தால், அன்று சாயங்காலமே வீட்டில் சொல்வோம்: "அம்மா, குடத்தை நிரப்பி வையுங்க."

சிந்திப்போம்! ஐப்பசிக்கு முன்பே செயல்படுவோம்!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு