அளவறியும் உரிமை

பால் கொள்முதல் விலையை உயர்த்த வேண்டும் என்கிற கோரிக்கை தமிழகத்தில் ஆண்டுதோறும் எழுகிறது. அரசும் அவ்வப்போது செவிசாய்க்கிறது. 2022 நவம்பரில் பசும்பாலுக்கான ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு ரூ.32-லிருந்து ரூ.35 ஆக உயர்ந்தது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு ரூ.3 ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. போராட்டங்களும் அறிக்கைகளும் இந்த எண்களைச் சுற்றியே நிகழ்கின்றன. ஆனால், அறிவிக்கப்பட்ட விலைக்கும் உற்பத்தியாளரின் கைக்கு வரும் விலைக்கும் இடையில் ஓர் அளவுக் கருவி நிற்கிறது. அதைப் பற்றிய பேச்சு குறைவு.

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கரிசல் மண்ணும் கண்மாய்களும் கொண்ட மானாவாரிப் பூமி இது. வடகிழக்குப் பருவமழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து, மல்லி, பொய்த்தால் தரிசு. விருதுநகர் மாவட்டத்தை 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. இத்தகைய பகுதியில் விளைச்சல் வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். மாதந்தோறும் தவறாமல் வருவது இரண்டு கறவை மாடுகள் தரும் பால் பணம் மட்டுமே. பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் மருந்துச் செலவும் பெரும்பாலும் அந்தப் பணத்திலிருந்தே செல்கின்றன. எனவே, பாலை அளப்பதில் நேரும் சிறு பிழையும் இங்கே பெரிய இழப்பு.

ஆவின் அறிவிக்கும் விலை எல்லாப் பாலுக்கும் உரியதன்று. 4.3 விழுக்காடு கொழுப்பும், எஸ்.என்.எஃப். எனப்படும் 8.2 விழுக்காடு இதர சத்துகளும் கொண்ட பசும்பாலுக்கே முழு விலை. சத்து குறைந்தால் விலையும் குறையும். இது நியாயமான ஏற்பாடுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவரைக் கேட்டால் சொல்வார்: அடுப்பில் வற்றியபின் சட்டியில் மிஞ்சுவதற்குத்தான் மதிப்பு, ஆவியாகிப் போகும் நீருக்கு யாரும் விலை தருவதில்லை.

கேள்வி, அந்தச் சத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதே. கிராமச் சங்கங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது லாக்டோமீட்டர் எனப்படும் பால்மானி. ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதத்தல் விதிதான் அதன் அடிப்படை. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்குகிறது. அடர்த்தி மிகுந்த பாலில் குறைந்த அளவை விலக்கினாலே போதும் என்பதால் கருவி உயர்ந்து நிற்கும். நீர் கலந்த பாலில் ஆழமாக இறங்கும். நீரைப்போல 1.028 மடங்கு அடர்த்தியுள்ள பாலில் கருவி 28 என்று காட்டும். கிராமத்தில் இதை 'டிகிரி' என்பார்கள். 28 டிகிரி வந்தால் நிம்மதி. 25 வந்தால் அவமானமும் சேர்ந்து வரும், தண்ணீர் ஊற்றியதாகத்தானே பொருள்!

அந்த 25-க்கு வேறொரு காரணமும் இருக்கலாம். சூடு ஏறினால் எந்தத் திரவமும் விரிந்து அடர்த்தி குறையும். நம் நாட்டுத் தர நிர்ணயப்படி பால்மானி 27 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது. கறந்த பாலோ மாட்டின் உடற்சூட்டுடன் வருகிறது. கரிசல் காட்டுக் கோடையில் அது எளிதில் ஆறுவதுமில்லை. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் கருவி ஏறத்தாழ இரண்டு டிகிரி குறைத்துக் காட்டும். கறந்தவுடன் பாலில் தங்கியிருக்கும் காற்றுக் குமிழிகளும் அளவைக் குறைக்கும். இதர சத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் பால்மானி அளவின் நான்கில் ஒரு பங்கு சேர்வதால், இரண்டு டிகிரி குறைந்தால் இதர சத்து அரை விழுக்காடு குறைந்துவிடும். அதாவது, 8.2 உள்ள நல்ல பால் 7.7 என்று பதிவாகும். தண்ணீர் கலக்காதவரும் கலந்தவராகிவிடுவார்.

இதைத் திருத்த வெப்பமானி ஒன்றும் திருத்த அட்டவணை ஒன்றும் போதும். பால்மானி இருக்கும் இடங்களில் எல்லாம் வெப்பமானியும் இருக்கிறதா? நான் சென்று பார்த்த சிற்றூர்க் கொள்முதல் இடங்கள் சிலவற்றில் அது இல்லை. வெப்பநிலையைப் பற்றி எந்த உற்பத்தியாளரும் கேட்கவும் இல்லை.

இழப்பை ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடலாம். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் ஊற்றும் குடும்பத்துக்கு, தவறான அளவால் லிட்டருக்கு ரூ.2 குறைகிறது என்று கொள்வோம். மாதத்துக்கு ரூ.600, ஆண்டுக்கு ரூ.7,300. அரசு அறிவித்த ரூ.3 ஊக்கத்தொகையில் மூன்றில் இரு பங்கு, சங்கத்தின் வாசலைத் தாண்டுமுன்பே கரைந்துவிடுகிறது.

அளப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்வது அநியாயம். சங்கப் பணியாளரின் நிலையையும் பார்க்க வேண்டும். அவர் எழுதும் அளவைவிடக் குளிரூட்டும் நிலையத்தில் அளவு குறைந்தால், இழப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பால் வண்டி புறப்படும் நேரம் நெருங்க, வரிசை நீளும். இந்நிலையில் சற்றுக் குறைத்து எழுதுவதே அவருக்குப் பாதுகாப்பு. தனிமனித நேர்மையைக் கடந்த சிக்கல் இது. பிழையின் சுமை யார்மீது விழுகிறது என்பதை ஏற்பாடே தீர்மானிக்கிறது. அது கேள்வி கேட்க முடியாதவர்மீது விழுகிறது.

வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தரம் பற்றிய அறிவு சமமாக இல்லாதபோது சந்தை எப்படிச் சீரழியும் என்பதை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அரிசியில் கலந்த கல்லை நம் நாட்டு இல்லத்தரசிகள் பொறுக்குவதையும் அவர் அதில் குறிப்பிட்டிருக்கிறார். நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காவிட்டால், நல்ல பொருளைத் தருபவர் விலகிவிடுவார் அல்லது மற்றவரைப்போல மாறிவிடுவார். எப்படியும் 25 என்றுதான் எழுதப்போகிறார்கள் என்று தெரிந்தபின், ஒரு செம்பு தண்ணீரை ஊற்றும் ஆசையைத் தடுப்பது எது? சரியான அளவை நேர்மையாளருக்கு ஊதியம். தவறான அளவை கலப்படத்துக்கு மானியம்.

அடர்த்தி ஒன்றை மட்டும் நம்பவும் முடியாது. கொழுப்பு நீரைவிட இலேசானது. பாலேட்டை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். அதில் நீர் ஊற்றினால் பழைய டிகிரிக்கே வந்துவிடும். சர்க்கரையும் உப்பும் கலந்து அடர்த்தியை ஏற்றுபவர்களும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 19-ஆம் நூற்றாண்டில் இதே சிக்கலைச் சந்தித்தது. அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் பாப்காக், கந்தக அமிலமும் சுழற்சிக் கருவியும் கொண்டு கொழுப்பை அளக்கும் எளிய முறையை 1890-இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை கோரவில்லை. எந்தப் பண்ணையாரும் தானே செய்து பார்க்கத்தக்கது அது. அந்த மாநிலத்துப் பால் தொழிலின் வளர்ச்சிக்கு அது அடித்தளமாயிற்று.

நமக்கும் அளவையின் வரலாறு புதிதன்று. மரக்காலில் குவித்து அளந்து வாங்கி, தலைதட்டி அளந்து விற்ற காலம் ஒன்று இருந்தது. ஒரே மரக்காலில் நிறையும் கம்பும் உளுந்தும் ஒரே எடை இரா என்பதும், தவசம் நன்கு காய்ந்ததா என்பதும் வாங்குபவரின் வாய்ச்சொல்லுக்கே விடப்பட்டன. 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டமும், 1958 அக்டோபரில் தொடங்கிய மெட்ரிக் முறையும் அந்தக் காலத்தை முடித்து வைத்தன. இன்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. கடைத் தராசுக்கு முத்திரை உண்டா என்று கேட்கப் பாமரருக்கும் தெரியும். ஆனால், இன்று விலையைத் தீர்மானிப்பது எடை மட்டுமன்று. பாலுக்குக் கொழுப்பும் இதர சத்தும், நெல்லுக்கு 17 விழுக்காடு ஈரப்பத வரம்பு, மக்காச்சோளத்துக்கும் ஈரப்பதம். எடைக்குக் காட்டும் கண்டிப்பைத் தரத்தை அளக்கும் கருவிகளுக்கும் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. பாலை உற்பத்தியாளரின் கண்முன்னே பரிசோதிக்க வேண்டும். லிட்டர், வெப்பநிலை, டிகிரி, கொழுப்பு, இதர சத்து, விலை ஆகிய ஆறும் அச்சிட்ட ரசீதில் கையோடு தரப்பட வேண்டும். ஐயம் எழுந்தால் மறுபரிசோதனைக்கு மாதிரிப் பால் தனியே வைக்கப்பட வேண்டும். வாங்குபவரையும் விற்பவரையும் சாராத ஒருவர் கருவிகளைக் குறித்த காலத்தில் சரிபார்க்க வேண்டும். கூட்டுறவுக்கும் தனியாருக்கும் ஒரே விதி பொருந்த வேண்டும். தானியங்கிப் பகுப்பாய்வுக் கருவிகள் வந்துவிட்டன என்பது இதற்கு மறுப்பாகாது. திரையில் ஒளிரும் எண்ணும், கருவி சரியாக அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருந்தால்தான் உண்மை.

இன்னொன்றும் செய்யலாம். நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மிதப்பு விசையும் பால்மானியும் பாடமாக உள்ளன. திருச்சுழிப் பகுதி அரசுப் பள்ளி மாணவர் பலரின் வீட்டில் மாடு உண்டு. ஒரு பால்மானியும் ஒரு வெப்பமானியும் பள்ளிக்கு வாங்குவது பெரிய செலவன்று. சூடான பாலிலும் ஆறிய பாலிலும் கருவியை மிதக்கவிட்டு மாணவி எழுதும் இரண்டு எண்கள், அவள் தாயின் மாதாந்திரப் பால் கணக்கோடு ஒப்பிடப்படட்டும். மதிப்பெண்ணுக்காகப் படித்த விதி அன்றைக்கு வீட்டு வருமானத்தைக் காக்கும் அறிவாகும்.

கொள்முதல் விலையை உயர்த்தக் கோருவது நியாயமே, அது தொடரட்டும். அதனோடு, பாலின் அளவைத் தானும் பார்த்து, புரிந்து, கேள்வி கேட்கும் உரிமையையும் உற்பத்தியாளர் சேர்த்துக் கோர வேண்டும். இல்லையெனில், சென்னையில் உயர்த்தப்படும் ஒவ்வொரு ரூபாயும் திருச்சுழியில் ஒரு கண்ணாடிக் குழாயின் கோடுகளுக்கு இடையில் காணாமற்போகும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).