பட்டியலில் இல்லாத வீடுகள்

இந்த வருடம் கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் வேண்டாம் என்று எங்கள் சபைச் சேகரத்தில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். ரிட்டயரான டீச்சர் பேச்சை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் டிசம்பர் முதல் வாரமே பண்டிகை தொடங்கிவிடும். மாடிக்கு மாடி ஸ்டார் தொங்கும். அச்சுமுறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு திரிக்க மில்லில் வரிசை நிற்கும். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வும் அந்த நேரம்தான். ராத்திரியெல்லாம் பாடிவிட்டுக் காலையில் கணக்குப் பரீட்சைக்கு வந்து உட்காரும் பையனைப் பார்த்தவுடனே தெரியும். தொண்டை கட்டியிருக்கும், தலைமுடியில் கிறிஸ்மஸ் தாத்தாவின் தாடிப் பஞ்சு ஒட்டியிருக்கும். அவனைத் தட்டி எழுப்பியிருக்கிறேனே தவிர, திட்டியதில்லை.

அப்போதெல்லாம் பாடுகிறவர்கள் நடந்து வருவார்கள். எங்கள் எதிர்வீட்டு ஆச்சி சைவக் குடும்பம். மார்கழி பிறந்தால் விடிவதற்கு முன்பே கோலமாவோடு வாசலில் நிற்பவர். எங்கள் வீட்டில் பாட்டு முடிந்ததும் அவர் வாசலில் ஒரு பாட்டு பாடியாக வேண்டும். மறந்து நகர்ந்தால், "ஏலே, எங்க வீட்டத் தாண்டிப் போயிருவியளோ?" என்று அதட்டல் வரும். பாடி முடித்தால் சுக்குக் காப்பி. தெருக்கோடி பாய் வீட்டில் ஆளுக்கொரு வாழைப்பழம். யார் எந்தச் சபை, எந்தச் சாமி என்று கேட்டுக்கொண்டா பாடினோம்?

இப்போது வேன் வருகிறது. தலைவர் கையில் பட்டியல், அதில் சபை அங்கத்தினர் வீடுகள் மட்டும். சவுண்ட் பாக்ஸ் இறங்கும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், காணிக்கைக் கவர். தாத்தா ஆடி முடிப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடிப்பார். போன கிறிஸ்மஸுக்கு ஆச்சி கேட்டார்: "ஏன் டீச்சர், வேதக்கோயில் பிள்ளைங்களுக்கு நம்ம மேல எதுவும் வருத்தமா?" பட்டியலைப் பற்றி அவரிடம் என்னவென்று சொல்வது?

கமிட்டிக்காரர்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. கோயிலைச் சுற்றியிருந்த குடும்பங்கள் பெருமாள்புரம், மகாராஜநகர், கேடிசி நகர் என்று சிதறிவிட்டன. கவரில் வரும் காணிக்கைக்கும் செலவு காத்திருக்கிறது. இன்னொன்றைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள்: அழைக்காத வாசலில் நின்று பாடினால் மதம் மாற்ற வந்ததாகப் பேச்சு வரும். காலம் அப்படித்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெருவில் நின்று பாடலாமே. விருப்பமுள்ளவர்கள் கதவைத் திறக்கட்டும். அந்தப் பேச்சுக்குப் பயந்து நாமே பட்டியலுக்குள் ஒடுங்கிக்கொண்டால், ஆச்சிக்கு வந்த சந்தேகம் ஊருக்கே வரும்.

திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஊர் ஊராகக் குறி சொல்லித் திரியும் குறத்தியை வேதத்துக்குள் கூட்டி வந்தவர் அவர். அந்தக் குறத்தி அங்கத்தினர் பட்டியலைப் பார்த்தா வாசல் ஏறியிருப்பாள்?

சவுண்ட் பாக்ஸுக்காகவும்தான் வேன். இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. பத்து குரலும் ஒரு கஞ்சிராவும் இருந்தால் ஒரு தெருவுக்குத் தாராளம். எனவே, குழுவைத் தெருவாரியாகப் பிரியுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு தெரு. ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு முடித்தால் பரீட்சைப் பிள்ளைகளும் தூங்குவார்கள். காணிக்கைக் கவரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் நாளில் சுக்குக் காப்பிச் செலவு என்னுடையது.