மகாராணிக்கு எதற்குப் புளி?

நம்மாட்களுக்கு ஒரு வியாதி. பழைய செப்புக்காசு கையில் கிடைத்தால் ஒன்று புளி போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லை லட்ச ரூபாய்க்கு விற்க வேண்டும். பதினாறு வருஷமாக மும்பையில் குப்பை கொட்டுகிறேன். மாட்டுங்காவிலும் சரி, டோம்பிவிலியிலும் சரி, இதே கதைதான்.

முதலில் புளி. விக்டோரியா காலணா, ரூபாய்க்கு 64. ஒன்று ஆறரை கிராம் இருக்கும். 1862-ல் வந்தபோது 'விக்டோரியா குயின்', 1877-லிருந்து 'எம்ப்ரஸ்'. அதன் மேலிருக்கும் சாக்லேட் நிறம் அழுக்கு இல்லை சாமி! செம்பு காற்று பட்டுப் பட்டுத் தானே போர்த்திக்கொண்ட போர்வை. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். காசு குத்துவிளக்கு மாதிரி மின்னும், வாஸ்தவம்தான். ஆனால் சேகரிப்பவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், பிவிசி நாளாவட்டத்தில் பச்சை பிடிக்க வைக்கும். காகித உறை போதும்.

அடுத்தது லட்சம். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818, அரை அணா'. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை! பின்னாளில் தனியார் அடித்து விற்ற வில்லை அது. பூஜையில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. 'அரிசியை இழுக்கும், கோடி பெறும்' என்று எவனாவது வந்தால் கதவைச் சாத்துங்கள். செம்பு அரிசியை இழுக்காது. அவன்தான் உங்கள் பணத்தை இழுப்பான். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, பழைய காசுக்கு வரி, கமிஷன் என்று கறக்கிறார்கள். நாங்கள் அப்படி எதுவும் கேட்பதில்லை என்று 2021-லேயே அந்த வங்கி எச்சரித்துவிட்டது. நிஜமான காலணா, தேய்ந்தது என்றால், சில நூறு ரூபாயைத் தாண்டுவதே அபூர்வம்.

பின்னே எதற்கு வைத்துக்கொள்வது என்கிறீர்களா? இங்கே பிறந்த நம் பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள் (அதுவும் நாம் மிரட்டினால்!). 'காலணாவுக்குப் பிரயோஜனமில்லை' என்று ஊரிலிருந்து பாட்டி போனில் திட்டினால் முழிக்கிறார்கள். ஒரு காலணாவைக் கையில் கொடுங்கள். நாலு சேர்ந்தால் ஒரு அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்று கணக்குப் போடட்டும். இது யார் மடியில் முடிந்திருந்த காசு என்று பாட்டியிடமே கேட்கட்டும். அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும். பதிலை அந்தக் காகித உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.